வாய் திறப்பதற்கு முன்: சொல்வன்மை பழக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொல்வன்மை என்றதும் பலருக்கு மேடையும் ஒலிபெருக்கியும் அடுக்குமொழியும்தான் நினைவுக்கு வரும். சிலருக்கு 'வாய்ஜாலம்' என்ற ஐயமும் கூடவே வரும். ஆனால் ஒரு விண்ணப்பம் எழுதும்போதும், மருத்துவரிடம் வலியை விளக்கும்போதும், மகளின் அவசர முடிவைத் தள்ளிப்போடச் சொல்லும்போதும், கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டும் நேரத்தில் நீங்கள் மட்டும் கையுயர்த்தும்போதும் நடப்பது இதே வேலைதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தந்த விளக்கம் இன்றும் உதவுகிறது: எந்தச் சூழலிலும் கேட்பவரை ஏற்கவைக்கும் வழிகள் எவை என்று கண்டறியும் ஆற்றலே சொல்வன்மை. அப்படியானால் வாய் திறப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

இந்தக் கலை மேடைக்காகப் பிறந்ததும் இல்லை. சிசிலித் தீவின் சிரக்கியூஸ் நகரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கொடுங்கோல் ஆட்சி கவிழ்ந்தபின், பறிபோன நிலங்களைக் கேட்டு மக்கள் வழக்காடினார்கள். அவர்களுக்காகவே கோரக்ஸ் என்பவர் பேச்சுமுறையை வகுத்தார் என்பது கிரேக்க மரபு. ஏதென்ஸ் நகரில் வழக்குக்கு உரியவரே நூற்றுக்கணக்கான நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும். நீர்க்கடிகாரத்தில் நீர் வடிந்து முடியும்வரைதான் நேரம். பேசத் தெரியாதவர்களுக்கு லிசியாஸ் போன்றவர்கள் கூலிக்கு உரை எழுதிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்த பிளாட்டோ, சொல்வன்மை வெறும் முகத்துதி என்று கடுமையாகத் தாக்கினார். அவர் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். என்றாலும், நியாயம் உள்ளவர்கள் இதைக் கற்காமல் ஒதுங்கினால் நியாயம் இல்லாதவர்களிடம் மட்டுமே இந்தக் கலை தங்கிவிடும். அதனால்தான் இதை எல்லாரும் பழக வேண்டும் என்கிறேன்.

படிப்படியாகப் பார்ப்போம். எல்லாப் படிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டு வைத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதி நூலகம் மாலை 6 மணிக்கு மூடப்படுகிறது. இரவு 8 மணிவரை திறந்துவைக்கும்படி நூலகக் குழுவிடம் கேட்கப் போகிறீர்கள்.

படி 1: கேட்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நூலகத்தின் நிலைமை சரியில்லை" என்பது புலம்பல். "வேலை நாள்களில் நூலகத்தை இரவு 8 மணிவரை திறந்துவைக்க, அடுத்த கூட்டத்தில் குழு முடிவெடுக்க வேண்டும்" என்பது கோரிக்கை. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. அந்த நிலையில் பேசப் போக வேண்டாம்.

கூடவே காலத்தையும் பாருங்கள். அரிஸ்டாட்டில் பேச்சை மூன்றாகப் பிரித்தார். நடந்ததைப் பற்றி 'யார் குற்றவாளி' என்று கேட்பது நீதிமன்றப் பேச்சு. இனி நடக்க வேண்டியதைப் பற்றி 'என்ன செய்யலாம்' என்று கேட்பது மன்றத்துப் பேச்சு. இன்று நாம் எதைப் போற்றுகிறோம், எதை இகழ்கிறோம் என்று காட்டுவது விழாப் பேச்சு. வீட்டுச் சண்டைகளும் அலுவலகக் கூட்டங்களும் பாழாவதற்கு ஒரு பெரிய காரணம், வரப்போவதைப் பற்றிய முடிவு தேவைப்படும் இடத்தில் பழைய குற்றத்தை விசாரிக்கத் தொடங்குவது. "போன ஆண்டே கேட்டோம், நீங்கள்தான் தட்டிக்கழித்தீர்கள்" என்று தொடங்கினால், குழு தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்க்கும். நேரத்தை நீட்டிப்பது பற்றி யோசிக்காது.

படி 2: மறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இணங்கவைக்கத் தவறும் பேச்சுகளில் பெரும்பாலானவை சொல் போதாமல் தோற்பதில்லை. எதிரில் இருப்பவர் மறுப்பது ஓரிடம், நாம் முட்டிக்கொண்டிருப்பது வேறிடம் என்பதால் தோற்கின்றன.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர் இதற்கு நான்கு கேள்விகளை வகுத்தார். ஒன்று: அது நடந்ததா, உண்டா? இரண்டு: நடந்தது என்றால் அதற்கு என்ன பெயர்? அது திருட்டா, எடுத்துக்கொண்டதா? மூன்று: பெயரும் சரிதான் என்றால், அது நியாயமா, தேவையா? நான்கு: இதை முடிவுசெய்ய வேண்டிய இடம் இதுதானா?

நூலகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். குழுவில் ஒருவர் "மாலையில் யாரும் வருவதில்லை" என்கிறார். இது முதல் கேள்வி. ஆள் எண்ணிக்கைதான் பதில். இன்னொருவர் "வருபவர்கள் படிக்க வரவில்லை, உட்கார இடம் தேடி வருகிறார்கள்" என்கிறார். இது இரண்டாவது. எண்ணிக்கையை அவரிடம் எத்தனை முறை காட்டினாலும் பயன் இல்லை. நூலகப் பயன்பாடு என்று எதைச் சொல்வது என்பதை அவரோடு பேசித் தீர்க்க வேண்டும். மூன்றாமவர் "தேவைதான், ஆனால் ஊழியர்கள் ஏற்கனவே களைத்துப் போகிறார்கள்" என்கிறார். அவரிடம் வாசிப்பின் பெருமையைப் பேசுவது வீண். ஊழியர்களின் சுமை கூடாமல் எப்படிச் செய்யலாம் என்ற திட்டத்தோடு போக வேண்டும். நான்காமவர் "நேரத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்கிறார். அது உண்மையானால் நீங்கள் தவறான அறையில் நிற்கிறீர்கள். அதிகாரம் உள்ளவருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நம் இலக்கியத்தில் இந்த இடமாற்றத்தை மிகச் சரியாகக் காட்டும் காட்சி சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. கண்ணகியிடம் பாண்டியன் சொல்லும் பதில் "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று". கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்பது மூன்றாவது கேள்விக்கான விடை. தண்டனை நியாயமா என்பது பற்றியது. அந்த இடத்தில் நின்று வாதாடியிருந்தால் கண்ணகி தோற்றிருப்பாள். கள்வனுக்குத் தண்டனை சரியா தவறா என்ற வழக்கில் அரசன் பக்கம் சட்டம் இருக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை. நேரே முதல் கேள்விக்கு வருகிறாள்: என் கணவன் கள்வனே அல்லன், "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே". என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம்.

அடுத்து நடப்பதையும் கவனியுங்கள். அவள் உடனே சிலம்பை உடைக்கவில்லை. அரசன் "செவ்வை நன்மொழி" என்று அவள் சொன்னதை ஏற்று, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று தன் பக்கத்தைச் சொல்லி, சிலம்பைக் கொண்டுவரச் செய்து தானே முன்னே வைக்கிறான். இருவருக்கும் இடையிலான வேறுபாடு மாணிக்கமா முத்தா என்ற ஒரே புள்ளியாகச் சுருங்கிவிட்டது. எதைப் பார்த்து முடிவுசெய்வது என்பதில் எதிர்த்தரப்பு முன்கூட்டியே உடன்பட்டுவிட்டது. அதன் பிறகு சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. வாதத்துக்கு இடமே இல்லை.

இதை அப்படியே பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். சான்றைக் காட்டுவதற்கு முன், "எத்தனை பேர் வந்தால் நேரத்தை நீட்டிப்பது சரி என்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் ஓர் எண்ணைச் சொல்லட்டும். அதன்பின் உங்கள் கணக்கை வையுங்கள். சான்று முதலில் வந்தால் அளவுகோலை அதற்குமேல் உயர்த்திக்கொண்டே போகும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு.

படி 3: கேட்பவர் மனம் மாறுவதற்கு ஒரு கௌரவமான வழி வையுங்கள்

உண்மை நம் பக்கம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவரின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வியன்னா பொது மருத்துவமனையில் பிணங்களை அறுத்துப் பரிசோதித்த கையோடு மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆனாலும் மருத்துவ உலகில் பெரும்பகுதி அவரை ஏற்கவில்லை.

கிருமிகளால் நோய் வருகிறது என்ற விளக்கம் அன்று நிலைபெறவில்லை என்பது ஒரு காரணம். தன் முடிவுகளை அவர் நூலாக வெளியிட்டது 1861இல்தான் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் நம் பாடம். அவர் சொன்னதை ஒரு மருத்துவர் ஏற்க வேண்டும் என்றால், 'என் கைகளே அந்தத் தாய்மாரைக் கொன்றன' என்று தனக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கொடிய கதவைத் தவிர வேறு வாசல் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. பிற்காலத்தில் செம்மல்வைஸ் தன்னை மறுத்த மருத்துவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதங்களில் சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தைப் படித்த பிறகு மனம் மாறுவது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. 1865இல், மனநல விடுதி ஒன்றில், தன் கருத்து வென்றதைக் காணாமலே அவர் இறந்தார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். அவர் சரியாகச் சொன்னார், அதோடு சொல்லும் வழியும் அமைந்திருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று தோன்றும்.

எனவே எழுதத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொல்வதை ஏற்றால் இவர் எதை இழக்கிறார்? முகமா, பணமா, பழக்கமா, நண்பர்களா? அந்த இழப்பைக் குறைக்கும் ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். "6 மணி என்று நீங்கள் முடிவெடுத்தபோது இங்கே மாலை நேரத்தில் படிப்பவர்கள் குறைவு, இப்போது நிலைமை மாறியிருக்கிறது." இது உண்மையாக இருந்தால், அவர்கள் தங்கள் பழைய முடிவைப் பழிக்காமலே புதிய முடிவுக்கு வர முடியும்.

உங்கள்மேல் அவர்களுக்கு ஏன் நம்பிக்கை வர வேண்டும் என்பதும் இந்தப் படியைச் சேர்ந்ததே. அரிஸ்டாட்டில் மூன்றைச் சொன்னார்: விஷயம் தெரிந்தவர், நேர்மையானவர், நம் நலம் நாடுபவர் என்று பேசுபவரைப் பற்றிக் கேட்பவருக்குத் தோன்ற வேண்டும். பட்டங்களை அடுக்கி இந்த மூன்றையும் பெற முடியாது. உங்கள் கோரிக்கையில் உள்ள குறையை அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவதுதான் நான் பார்த்தவரை நல்ல வழி. "மின்கட்டணம் கூடும். எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொண்டுவந்திருக்கிறோம்." இந்த இரண்டு வாக்கியங்களில் அறிவும் நேர்மையும் நல்லெண்ணமும் சேர்ந்தே தெரிகின்றன.

படி 4: காரணத்தைக் கோத்துக் காட்டுங்கள்

மணிமேகலையில் அறவண அடிகள் அளவை இயலை, அதாவது தருக்க முறையைச் சொல்லும் பகுதியில் ஒரு பழைய எடுத்துக்காட்டு வருகிறது. 'இம்மலை நெருப்புடைத்து' என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்த கூற்று. 'புகையுடைத்து ஆதலால்' என்பது ஏது, காரணம். 'அடுக்களை போல்' என்பது திட்டாந்தம், எல்லாரும் அறிந்த சான்று. மலைக்கும் புகை உண்டு என்று பொருத்திக் காட்டுவது உபநயம். ஆகவே நெருப்பும் உண்டு என்று முடிப்பது நிகமனம்.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் கூற்றையும் காரணத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கேட்பவர் முன்பே அறிந்த ஒன்றோடு பொருத்திக் காட்டும் நடுப்பகுதி விடுபட்டுப் போகிறது. "8 மணிவரை திறந்தால் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள்" என்றால் அது வெறும் நம்பிக்கை. "தேர்வுக் காலத்தில் இரண்டு வாரம் நீங்களே 8 மணிவரை திறந்துவைத்தீர்கள், வருகைப் பதிவேட்டைப் பாருங்கள், மற்ற மாதங்களிலும் அதே ஆட்கள்தான் 6 மணிக்குமேல் வேலை முடிந்து வீடு திரும்புகிறார்கள்" என்றால் புகையும் அடுக்களையும் மலையும் சேர்ந்துவிட்டன.

அன்றாடப் பேச்சில் எல்லாவற்றையும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் தானாகவே நிரப்பிக்கொள்ளும் பகுதியை விட்டுவிடலாம்; அப்படித் தானே நிரப்பிக்கொண்டதை அவர் தன் சொந்த முடிவாகவே கருதுவார். ஆனால் விட்டுவிட்ட பகுதியை அவர் ஏற்கிறாரா என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். 'அதிகம் பேர் படிப்பது நல்லது' என்பதை நூலகக் குழுவிடம் சொல்லத் தேவையில்லை. 'பொதுப்பணம் இதற்குச் செலவாகலாம்' என்பதைச் சொல்லாமல் விட்டால், பேச்சு அங்கேதான் சிக்கும்.

மூன்று நல்ல காரணங்கள் இருந்தால் மூன்றோடு நிறுத்துங்கள். பலவீனமான நான்காவதைச் சேர்த்தால், மறுக்க நினைப்பவர் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்.

படி 5: உணர்ச்சியை மறைக்காதீர்கள், பெருக்கவும் வேண்டாம்

உணர்ச்சியைத் தொடும் பேச்சு நேர்மையற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். கண் எதிரே ஒரு துன்பம் இருக்க, அதைத் துன்பமாகக் காட்டாமல் இருப்பதுதான் நேர்மையற்றது. அளவும் முறையுமே கேள்வி.

அதற்குப் பாடம் படிக்க புறநானூற்றின் 46ஆம் பாட்டைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக்கு இட்டுக் கொல்ல நிறுத்தியிருக்கிறான் சோழன் கிள்ளிவளவன். அவர்களைக் காப்பாற்றக் கோவூர் கிழார் பேசுகிறார். பாட்டில் எட்டே அடிகள்.

முதலில் அரசனைப் பார்த்து, "நீயே": புறாவின் துன்பத்தையும் வேறு பல துன்பங்களையும் தீர்த்தவனின் வழியில் வந்தவன். பிறகு பிள்ளைகளைக் காட்டி, "இவரே": புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகுத்து உண்ணும் குடியில் பிறந்தவர்கள். அதன்பின் ஒரு காட்சி: யானையைக் கண்டு, அழுத அழுகையையும் மறந்துவிட்ட சின்னஞ்சிறுவர்கள் மன்றத்தை மருண்டு பார்க்கிறார்கள், முன்பு அறியாத புதிய துன்பம் அவர்களுக்கு. கடைசி அடி: "கேட்டனை யாயின், நீ வேட்டது செய்ம்மே!" கேட்டுவிட்டாய் என்றால், இனி உன் விருப்பப்படி செய்.

இதில் 'கொடுமை' என்ற சொல் இல்லை. 'ஐயோ' இல்லை. அரசனைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அழுகையை மறந்து விழிக்கும் குழந்தைகளை மட்டும் காட்டிவிட்டு, முடிவை அரசன் கையிலேயே விட்டுவிடுகிறார். 'இரக்கம் காட்டு' என்று சொல்லியிருந்தால் அது கட்டளை. நீ இரக்கமுள்ள குடியில் வந்தவன் என்று தொடங்கியதால் அது அவனுடைய இயல்புக்கே அழைப்பு. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. புறாவின் துன்பம் தீர்த்தவனின் கதையைக் கண்ணகியும் பாண்டியனிடம் சொல்கிறாள். ஆனால் அங்கே அது 'எங்கள் ஊர் அரசர்கள் இப்படி' என்று சுடுகிறது. இங்கே 'உன் முன்னோர் இப்படி' என்று அணைக்கிறது. ஒரே செய்தி, யாரிடம் யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து எப்படி மாறிவிடுகிறது!

உங்கள் கோரிக்கையிலும் ஒரே ஒரு காட்சி போதும். நூலகம் மூடியபின் வாசற்படி விளக்கடியில் உட்கார்ந்து படிப்பவரை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பரிதாபம், அவலம் போன்ற சொற்களைச் சேர்க்க வேண்டாம். பார்த்திராவிட்டால் அப்படி ஓர் ஆளைப் படைக்கக் கூடாது. கற்பனை என்று ஒருவர் கண்டுபிடித்தாலும் உங்கள் உண்மைக் கணக்கும் அதோடு போய்விடும்.

படி 6: வரிசை

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். எல்லாரும் ஏற்கும் ஒன்றில் தொடங்குங்கள். கோரிக்கையைச் சீக்கிரம் சொல்லுங்கள். அவசரத்தில் இருக்கும் குழு ஐந்தாம் நிமிடம்வரை காத்திருக்காது. வலுவான காரணத்தை முதலிலும், அடுத்த வலுவானதைக் கடைசியிலும், மற்றதை நடுவிலும் வையுங்கள். எதிர்வாதத்துக்கான பதில் உங்கள் காரணங்களுக்குப் பின்னால் வரட்டும். ஒரே விதிவிலக்கு: கேட்பவர் மனத்தில் அந்த எதிர்வாதம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

படி 7: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

> சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை
> வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து

உங்கள் சொல்லை வெல்ல வேறு சொல் இல்லை என்று அறிந்தபின் சொல் என்கிறது குறள். இதைச் செய்து பார்க்கும் முறை எளிது. எழுதிய ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் எதிர்த்தரப்பில் உட்கார்ந்து பதில் தேடுங்கள். "எல்லாரும் கேட்கிறார்கள்" என்று எழுதினால், "நான் கேட்கவில்லையே" என்று ஒருவர் எழுந்தால் போதும், விழுந்தீர்கள். "இந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்கள் கேட்கிறார்கள்" என்பதை வெல்ல முடியாது.

பார்க்கவும் தொடவும் முடிந்த சொற்கள் மனத்தில் தங்கும். 'கல்விசார் வாய்ப்புகளை மேம்படுத்துதல்' என்பதைவிட 'வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் படிக்க ஓர் இருக்கை' என்பது வலுவானது. திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கும் வலு உண்டு. 'தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்' என்பது ஒருமுறை கேட்டாலே நினைவில் நிற்பதற்கு அந்தத் 'தீ' திரும்பத் திரும்பச் சுடுவதும் ஒரு காரணம். ஆனால் ஓர் உரையில் ஒரு சொல்லைத்தான் இப்படித் திருப்ப வேண்டும். எதைக் கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டுமோ அந்தச் சொல். எல்லா வாக்கியமும் அடுக்கிக்கொண்டு வந்தால் காது ரசிக்கும், மனம் நம்பாது. கேள்வி கேட்பதும் அப்படித்தான்: கேட்பவர் தனக்குள் பதில் சொல்லிக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும்.

சொல்லின் ஆற்றலுக்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. 1981இல் உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் வெளியிட்ட ஆய்வில், 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு நோய்க்கு எதிராக இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: ஒன்றின் விளைவு உறுதியானது, மற்றதன் விளைவு வாய்ப்பைப் பொறுத்தது. உறுதியான திட்டத்தை '200 பேர் காப்பாற்றப்படுவார்கள்' என்று எழுதியபோது 72 விழுக்காட்டினர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே திட்டத்தை '400 பேர் இறப்பார்கள்' என்று வேறொரு குழுவுக்கு எழுதிக் காட்டியபோது 22 விழுக்காட்டினர்தான் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கு ஒன்றே. மாறியது சொல் மட்டும்.

இந்த இடத்தில்தான் இணங்கவைப்பதும் ஏமாற்றுவதும் பிரிகின்றன. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் வெளிச்சம் விழும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் முடிவின் சுமை கேட்பவர்மேல் விழும் இடங்களில், அதாவது சிகிச்சை, கடன், ஒப்பந்தம், வாக்கு போன்றவற்றில், கணக்கை இரண்டு விதமாகவும் சொல்லிவிடுங்கள்: இத்தனை பேர் பிழைப்பார்கள், இத்தனை பேர் பிழைக்க மாட்டார்கள். மறுபக்கத்தை அறிந்தாலும் ஏற்பார் என்றால் அவரை நீங்கள் இணங்கவைத்திருக்கிறீர்கள். மறுபக்கம் தெரியாததால் மட்டுமே ஏற்கிறார் என்றால் அது இணக்கம் இல்லை. அப்படிப் பெற்ற சம்மதத்தை நான் வெற்றியாக எண்ண மாட்டேன். இதே அளவுகோலைக் கொண்டு மற்றவர்கள் உங்களிடம் பேசுவதையும் சோதித்துப் பாருங்கள்.

படி 8: நன்னூலின் பத்துக் குற்றங்களால் வடிகட்டுங்கள்

எழுதியதைத் திருத்த, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் உள்ள பட்டியல் இன்றைக்கும் கைகொடுக்கும். நூல் எழுதுபவர்களுக்காகச் சொன்னது, ஆனால் ஒரு பக்க விண்ணப்பத்துக்கும் பொருந்தும். பத்தில் முதல் நான்கு: வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்லும் குன்றக் கூறல், கூட்டிச் சொல்லும் மிகைபடக் கூறல், கூறியது கூறல், முன்னுக்குப் பின் முரணும் மாறுகொளக் கூறல். அடுத்து, பிழையான சொல்லைச் சேர்க்கும் வழூஉச்சொல் புணர்த்தல், இதுவா அதுவா என்று புரியாதபடி எழுதும் மயங்க வைத்தல், பொருளில்லாத சொற்களைக் கோக்கும் வெற்றெனத் தொடுத்தல். கடைசி மூன்று: தொடங்கிய பொருளை விட்டு மற்றொன்று விரித்தல், போகப்போகத் தேய்ந்து முடியும் சென்றுதேய்ந் திறுதல், சொல் நின்றும் பயன் இல்லாத நின்றுபயன் இன்மை.

பத்தையும் ஒரே வாசிப்பில் தேட முடியாது. முதல் வாசிப்பில் மிகையையும் கூறியது கூறலையும் வெட்டுங்கள். அடுத்த வாசிப்பில் மற்றொன்று விரித்த இடங்களை எடுங்கள். இந்த இடங்கள்தான் எழுதியவருக்கு மிகவும் பிடித்த பத்திகளாக இருக்கும். அதனால் கை நடுங்கும், ஆனாலும் எடுங்கள். கடைசியாக, முடிவுப் பகுதியை மட்டும் தனியே படித்துச் சென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதியவர்களின் உரைகளில் நான் அதிகம் காண்பது இந்தக் குற்றம்தான். ஆற்றல் முழுவதையும் தொடக்கத்தில் செலவழித்துவிட்டு, கோரிக்கையைக் கேட்க வேண்டிய இடத்தில் "எனவே ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று குரல் தாழ்ந்துவிடும். படி 1இல் எழுதிய வாக்கியத்தை அந்த இடத்தில் அப்படியே வையுங்கள்.

படி 9: உரக்கப் படித்துப் பாருங்கள்

வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். நேரில் பேசுவதானால் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வாக்கியம், காரணங்களின் வரிசை, கடைசி வாக்கியம் ஆகிய மூன்றும் நினைவில் இருந்தால் போதும். உங்கள் கருத்துக்கு உடன்படாத ஒருவர் முன் பேசிப் பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது. அவர் முகம் எந்த இடத்தில் சுருங்குகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

படி 10: 'முடியாது' என்ற பதில் வந்தால்

முதல் முறையிலேயே இணக்கம் கிடைப்பது அரிது. மறுப்பு வந்ததும் அதே காரணங்களை உரக்கச் சொல்லத் தோன்றும். அப்போது பேச்சை நிறுத்திவிட்டு, அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள்: "ஊழியர் பற்றாக்குறைதான் தடை, மற்றபடி உங்களுக்கு மறுப்பில்லை, நான் புரிந்துகொண்டது சரியா?" அவர் 'ஆம்' என்றால் படி 2இன் வேலை மீண்டும் தொடங்குகிறது, இந்த முறை மறுப்பின் இடத்தை அவரே காட்டிவிட்டார். 'இல்லை, விஷயம் அதில்லை' என்றால் இன்னும் நல்லது. இதுவரை சொல்லாத உண்மைக் காரணம் அடுத்த வாக்கியத்தில் வரும்.

அந்தக் காரணம் நியாயமானது என்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். 8 மணி என்பது 7 மணி ஆகலாம், ஐந்து நாள் என்பது இரண்டு நாள் ஆகலாம். ஒரு மாதம் சோதனையாக நடத்திப் பார்த்து, எத்தனை பேர் வந்தால் தொடர்வது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அதன் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.